இயெனாகா சபுரோ: 32 ஆண்டு வழக்காடிய பேராசிரியர் ஜெயித்தாரா, தோற்றாரா?

#1 பழுப்புத்தாள்

போன வாரம் நான்கிங் இழையில் (1937இல் ஜப்பான் படை அந்தச் சீன நகரத்தில் நடத்திய படுகொலை பற்றியது) யாரோ ‘ஜப்பானில் ஒரு வாத்தியார்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை’ என்று போட்டிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன், அது அனுமார் வால் மாதிரி நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

வாய் திறந்தவர் பெயர் இயெனாகா சபுரோ. 1913இல் நகோயாவில் பிறந்தார். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் 1937இல் பட்டம் வாங்கினார். ஆரம்பத்தில் இவர் போரைப் பற்றி எழுதியவரே இல்லை. பௌத்தச் சிந்தனை, பழைய ஜப்பானிய ஓவியம் என்று அமைதியான மூலையில் உட்கார்ந்திருந்தவர். ஓவிய வரலாற்று ஆய்வுக்காக 1948இல் ஜப்பான் அகாடமி பரிசுகூட கிடைத்தது. 1949 முதல் 1977 வரை டோக்கியோ கல்விப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். (அந்தப் பல்கலைக்கழகம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக ட்சுகுபாவில் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். அது தனிக் கதை.)

அவர் உயர்நிலைப் பள்ளிக்கு எழுதிய ஜப்பான் வரலாற்றுப் பாடநூல் 1950களிலேயே வகுப்பறைகளில் புழங்கியது. அங்கே பாடநூலை அரசு எழுதுவதில்லை. தனியார் பதிப்பகங்கள் ஆசிரியர்களை வைத்து எழுதுகின்றன, கல்வி அமைச்சு படித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறது. இதற்குப் பெயர் ‘கெந்தே’. 1963இல் இயெனாகாவின் நூலை அமைச்சு நிராகரித்தது. மறு ஆண்டு சுமார் 300 இடங்களில் குறை சொல்லி, திருத்தினால் போகலாம் என்றது. சொன்ன குறைகளில் ஒன்று, போரை மிகவும் இருட்டாகக் காட்டுகிறார் என்பது. விமானக் குண்டுவீச்சு, எரிந்துபோன ஹிரோஷிமா, கைகால் இழந்த சிப்பாய் என்று படங்கள் போட்டிருந்தார். போரை வேறு எப்படி, சீரியல் விளக்கு கட்டியா காட்டுவது?

1965 ஜூனில் அரசின் மீதே வழக்குப் போட்டார். 1967இல் இரண்டாவது வழக்கு, 1984இல் மூன்றாவது. கடைசித் தீர்ப்பு 1997 ஆகஸ்ட் 29. முதல் வழக்கின்போது வயது 51, முடிந்தபோது 83. உலகின் மிக நீண்ட சிவில் வழக்கு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

என் கேள்வி இதுதான்: இதில் அவர் ஜெயித்தாரா? ஆவணங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது, ஆனால் முதலில் உங்கள் பதிலைக் கேட்கிறேன்.

#2 வக்கீல் குமாஸ்தா

32 ஆண்டுக்கு கின்னஸா! எங்கள் அலுவலகத்தில் ஒரு பாகப்பிரிவினைக் கேஸ் கட்டு இருக்கிறது. அதைத் தாக்கல் செய்த தாத்தாவுக்குப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது, இன்னும் சாட்சி விசாரணையில் நிற்கிறது. சரி, சிரிப்பை விட்டுவிட்டுப் பிறகு வருகிறேன். இது எனக்குப் பிடித்த வழக்கு.

#3 சந்தேகசாமி

இதில் பெரிய தியாகம் எங்கே இருக்கிறது என்று புரியவில்லை. ஒருவர் பாடநூல் எழுதுகிறார், அரசு திருத்தச் சொல்கிறது. பிடிக்காவிட்டால் தனிப் புத்தகமாகப் போட்டுக்கொள்ளலாமே. பல்கலைக்கழகத்தில் அவர் என்ன பாடம் நடத்துகிறார் என்று யாரும் கேட்கவில்லை. சிறையில் போடவில்லை, வேலையைப் பறிக்கவில்லை. 16 வயதுப் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதில் அரசுக்கு ஒரு பேச்சு இருக்கக் கூடாதா? நாளைக்கு ஒருவர் பூமி தட்டை என்று எழுதி வந்தால் அதையும் அச்சடிக்க வேண்டுமா?

#4 வாத்தியார்62

சந்தேகசாமி தம்பி, பூமி தட்டை என்பது வேறு. இந்த மனிதர் எழுதியதில் எதைத் திருத்தச் சொன்னார்கள் என்று பாருங்கள். நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவன், எனக்கு மிகவும் உறைத்தது ஒன்று உண்டு.

நூலின் பகுதிகளுக்கு முன்னால் உழைக்கும் எளிய மனிதர்களின் படங்களைப் போட்டு, ‘வரலாற்றைத் தாங்கும் மக்கள்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார். அமைச்சு அந்தத் தலைப்பை எடுக்கச் சொன்னது. இதில் பொய் இருக்கிறதா? தேதி தப்பா? ஒன்றும் இல்லை. வரலாற்றைத் தாங்குவது யார் என்பதில்தான் தகராறு. அதே போல, ஜப்பானின் மிகப் பழைய இரண்டு வரலாற்று நூல்களில் வரும் தெய்வகாலக் கதைகள் பேரரசரின் ஆட்சியை நியாயப்படுத்தத் தொகுக்கப்பட்டவை என்று எழுதியிருந்தார். அதிலும் கை வைத்தார்கள். இரண்டாவது வழக்கே இப்படிப்பட்ட ஆறு இடங்களைப் பற்றியதுதான்.

பிழை திருத்துவது என்றால் சிவப்பு மையை நானே எடுத்துக் கொடுப்பேன். இது பிழை திருத்தம் இல்லை.

#5 வக்கீல் குமாஸ்தா

இப்போது சட்டப் பக்கம். ஜப்பான் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தணிக்கை கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. 23 கல்விப்புலச் சுதந்திரம், 26 கல்வி பெறும் உரிமை. போதாததற்கு, கல்வி முறையற்ற கட்டுப்பாட்டுக்கு உட்படக் கூடாது என்று அன்றைய கல்வி அடிப்படைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. இயெனாகாவின் வக்கீல்கள் இவை எல்லாவற்றையும் பிடித்தார்கள். அரசு சொன்னது எளிது: இது ‘கெந்தே’, தணிக்கை இல்லை. ஜப்பானிய மொழியில் தணிக்கைக்கு ‘கென்எட்சு’ என்று சொல். முதல் எழுத்து இரண்டுக்கும் ஒன்றேதான். முப்பது வருடச் சண்டையில் பாதி அந்த இரண்டாவது எழுத்துக்காக என்று சொன்னால் மிகையில்லை.

1970 ஜூலை 17, டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், நீதிபதி சுகிமோட்டோ. இரண்டாவது வழக்கின் முதல் தீர்ப்பு அது, இயெனாகாவுக்குச் சாதகம். கல்வி உரிமை மக்களுடையது, அரசின் வேலை பள்ளிக்கூடம், வசதி, சூழல் எல்லாம் அமைத்துக் கொடுப்பது, பாடத்தின் உள்ளடக்கத்தில் கண்டபடி தலையிடுவது அல்ல என்றார். கவனியுங்கள், ஒப்புதல் முறையே செல்லாது என்று அவர்கூடச் சொல்லவில்லை. இந்த நூலின் மீது அதைப் பயன்படுத்திய விதம் தணிக்கை ஆகிவிட்டது என்றார்.

 1975இல் உயர் நீதிமன்றமும் இயெனாகா பக்கம் நின்றது. அப்புறம் சறுக்கல்தான்: 1982இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1989இல் உயர் நீதிமன்றம், பாடத்திட்ட விதியே மாறிவிட்டது, இனி இந்த வழக்கால் உமக்கு என்ன பயன் என்று கேட்டு மூடிவிட்டது. 22 வருடம் ஓட்டிவிட்டு ‘காலம் கடந்துவிட்டது’ என்பது! இந்த இடத்தில் மட்டும் நம் ஊர் ஞாபகம் வந்தது.

#6 சந்தேகசாமி

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. தனிப் புத்தகமாகப் போட முடியும் அல்லவா?

#7 பழுப்புத்தாள்

போட்டார்! 1974இல் அந்த நிராகரிக்கப்பட்ட கைப்பிரதியையே பொதுப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘கெந்தேயில் தேறாத ஜப்பான் வரலாறு’.

வேடிக்கை என்னவென்றால், 1993 மார்ச்சில் முதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவரைத் தோற்கடித்தபோது சொன்ன காரணம் கிட்டத்தட்ட உங்களுடையதேதான், சந்தேகசாமி. பாடநூலாகத்தான் வர முடியாது, சாதாரணப் புத்தகமாக வரத் தடையில்லை, ஆகவே இது தணிக்கை அல்ல. நீங்கள் நீதிபதியாகப் போயிருக்கலாம்.

எனக்கு அந்த வாதம் பாதி தூரம்தான் வருகிறது. கடைப் புத்தகத்தைக் காசு இருப்பவன், ஆர்வம் இருப்பவன் வாங்குவான். வகுப்பில் இருப்பவனுக்கு அந்த ஒரு நூல்தான். அதோடு இன்னொன்று: நிராகரித்த காரணங்களை அமைச்சு அதிகாரிகள் பெரும்பாலும் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆசிரியரும் பதிப்பகத்தாரும் எதிரில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாது. அடுத்த பதிப்பகம் அதைக் கேள்விப்பட்டு, நமக்கு ஏன் வம்பு என்று தானாகவே நான்கு வரியை எடுத்துவிடும். வழக்கு வந்தபிறகுதான் அந்த அறையில் பேசியது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது. ஏன் எடுக்கச் சொன்னீர்கள் என்று கேட்டால் அரசு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டிய நிலை. வரலாற்றாசிரியர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, இரு பக்கமும் நின்று ஆதாரம் காட்டினார்கள்.

#8 ஈப்போக்காரன்

வணக்கம். நான் மலேசியாவிலிருந்து. இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போய்விடுவேன், இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தாவின் அண்ணனை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை, கூலி, அரிசி என்று தோட்டத்துக் கிராணி (கணக்கர்) வந்து சொன்னாராம். திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒரு கட்டு தகர டப்பாவில் இருக்கிறது. பாட்டி அதைத் தூக்கிப் போடவும் விடவில்லை, யாருக்கும் காட்டவும் விடவில்லை.

அந்தச் சயாம்-பர்மா ரயில் 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 12,000க்கு மேல் செத்தார்கள் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர் அதைப் போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் தமிழர்தான் அதிகம். அவர்களுக்குப் பெயரும் இல்லை, கணக்கும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

என் கேள்வி: இந்தப் பேராசிரியர் போன்றவர்கள் சண்டை போட்ட பிறகாவது அந்த ரயில் ஜப்பான் பள்ளி நூலில் வந்ததா?

#9 சைத்தாமா செல்வி

ஈப்போக்காரன் அண்ணா, நான் ஜப்பானில் 14 வருடமாக இருக்கிறேன். பையன் இங்கேதான் படிக்கிறான். பரவலாகப் புழங்கும் உயர்நிலைப் பள்ளி வரலாற்று நூலில் தாய்லாந்து பர்மா ரயில்பாதையில் கட்டாய வேலை வாங்கியது பற்றி வருகிறது. ஆனால் ஒரு வரிதான். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். உங்கள் தாத்தாவின் அண்ணனுக்கு அது போதுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இயெனாகா கேட்டதும் பெரும்பாலும் ஒரு வரி, அரை வரிகள்தான். மூன்றாவது வழக்கைப் பாருங்கள். நான்கிங் பற்றிய வாக்கியத்தைப் படித்தால் ராணுவமே திட்டமிட்டுச் செய்த மாதிரி தெரிகிறது, மாற்றுங்கள் என்றார்கள். அங்கே பெண்கள் மீது நடந்த வன்கொடுமை பற்றிய வரிக்கு, எல்லாப் போரிலும் நடப்பதுதானே, ஜப்பான் படையை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்றார்கள். வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் அருகே ஜப்பான் ராணுவத்தின் 731ஆம் படைப்பிரிவு உயிருள்ள மனிதர்கள் மீது சோதனை செய்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றதை எழுதியபோது, நம்பத்தகுந்த ஆய்வு இன்னும் வரவில்லை, முழுதாக எடுங்கள் என்றார்கள். அது 1983. ஒரு வரியை எடுக்க வைக்க அமைச்சு இவ்வளவு பாடுபட்டால், அந்த வரிக்குக் கனம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

#10 பழுப்புத்தாள்

செல்வி சொன்ன மூன்றாவது வழக்கில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது. 1989இல் மாவட்ட நீதிமன்றம் இயெனாகா சொன்னதில் ஒன்றே ஒன்றைத்தான் ஏற்றுக்கொண்டது. நான்கிங் இல்லை, 731 இல்லை. 1868ஆம் ஆண்டு நில வரி!

மெய்ஜி அரசுக்காகச் சண்டை போடக் கிராமத்திலிருந்து கிளம்பிய தொண்டர் படைகளை ‘சோமோதாய்’ என்பார்கள். அதில் ஒன்றுக்குத் தலைவர் சகரா சோசோ. புது அரசு வந்தால் வரி பாதியாகும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே படை முன்னேறியது, சொல்லச் சொன்னது மேலிடம். ஜனங்களும் நம்பினார்கள். பிறகு கஜானா காலி என்று தெரிந்ததும் மேலிடம் வாக்கை விழுங்கியது. சகராவைப் போலி அரசுப் படைக்காரன் என்று பட்டம் கட்டித் தலையை வெட்டினார்கள். தேர்தல் வாக்குறுதி கொடுத்த கட்சி, அதை மேடையில் அறிவித்த வட்டச் செயலாளரைப் பிடித்து உள்ளே போட்டது மாதிரி.

இயெனாகா இதை எழுதியதில் அமைச்சு குற்றம் கண்டது. அமைச்சு சொன்னதுதான் தப்பு என்றது நீதிமன்றம், ஒரு லட்சம் யென் கொடுக்கச் சொன்னது. 1993இல் உயர் நீதிமன்றம் நான்கிங் தொடர்பான இரண்டையும் சேர்த்து மூன்று லட்சம் ஆக்கியது. 1997இல் உச்ச நீதிமன்றம் 731ஐயும் சேர்த்து நான்கு லட்சம். அன்றைய மதிப்பில் ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய். 32 வருடத்துக்கு வக்கீல்களின் டீ செலவுக்குக்கூடக் காணாது.

#11 சந்தேகசாமி

சகரா கதை எனக்குப் புதிது, நன்றி. சரி, நிராகரிப்பு முறை மூடிய அறையில் நடந்தது என்பது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். யாரும் தொடவில்லை. 1941 முதல் 1945 வரை இந்தப் பேராசிரியர் எங்கே இருந்தார்? அப்போது வயது முப்பதை ஒட்டி. வாய் திறந்தாரா? போர் முடிந்து 20 வருடம் கழித்து, பாதுகாப்பான நாட்டில், வழக்குப் போடுவது எளிது.

#12 வாத்தியார்62

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அவரே சொல்லியிருக்கிறார், ஒளிக்கவில்லை. போர்க்காலத்தில் அவர் ஆசிரியர், முதலில் நீகாட்டாவில், பிறகு டோக்கியோவில். தெய்வகாலக் கதைகளை வரலாறாகச் சொல்லிக்கொடுத்த காலம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாணவர்கள் படைக்குப் போனார்கள், எல்லோரும் திரும்பவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன் என்ற குற்ற உணர்வுதான் வழக்கு வரை தன்னைத் தள்ளியது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். போர் முடிந்ததும் உடனே புரட்சிக்காரர் ஆனவரும் இல்லை. 1950களில் அரசு பழைய பாதைக்குத் திரும்புவதைப் பார்த்துத்தான் மாறினார்.

1945 இலையுதிர் காலத்தில் ஜப்பான் பள்ளிகளில் என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகளே தூரிகையும் மையும் எடுத்து, நேற்று வரை மனப்பாடம் செய்த பாடத்தில் ராணுவப் புகழ் வரும் வரிகளை வாத்தியார் சொல்லச் சொல்ல கறுப்படித்தார்கள். நேற்று அதே வரியை நடத்திய அதே வாத்தியார். அந்த நிலையில் என்னை வைத்துப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நானும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு எங்கள் பக்கத்து ஊரில் சாதிக் கலவரம். அந்த வாரம் பத்தாம் வகுப்பில் கோயில் நுழைவுப் போராட்டம் நடத்த வேண்டும். வகுப்பில் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘இது தேர்வுக்கு வராது’ என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. எந்த அமைச்சும் எழுதி அனுப்பவில்லை. நானேதான்.

#13 ஈப்போக்காரன்

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி.

#14 வக்கீல் குமாஸ்தா

இழை தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு என் கணக்கு. சட்டப்படி பார்த்தால் தோல்வி. ஒப்புதல் முறை அரசியலமைப்புக்கு உட்பட்டதுதான் என்று 1993இலும் 1997இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் அந்த முறை இருக்கிறது. கிடைத்தது என்னவென்றால், முறை சரி, ஆனால் இந்த நான்கு இடங்களில் அமைச்சு வரம்பு மீறியது என்ற தீர்ப்பு. அதிலும் 731 விஷயத்தில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். ஒருவர் மாறியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஆனால் ஒரு வக்கீல் ஆபீஸ்காரனாகச் சொல்கிறேன், அந்த மூன்றுக்கு இரண்டின் மதிப்பு பெரிது. 1983இல் ‘ஆய்வு இல்லை’ என்ற அரசின் வாதத்தை, அப்போதே ஆய்வு இருந்தது என்று நீதிமன்றம் உடைத்தது. இனி எந்த அதிகாரியும் அதே வாக்கியத்தைச் சொல்லித் தப்ப முடியாது.

#15 சைத்தாமா செல்வி

குமாஸ்தா அண்ணா, கணக்கில் ஒகினாவாவை (ஜப்பானின் தெற்குத் தீவு) விட்டுவிட்டீர்களே. அங்கே அவர் தோற்றார். 1945 போரில் ஒகினாவா மக்கள் பலரை ஜப்பான் படையே கொன்றது என்று எழுதியிருந்தார். அப்படியானால் மக்கள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொண்டதையும் சேருங்கள், அதையே முதலில் எழுதுங்கள் என்று அமைச்சு சொன்னது. கேட்பதற்கு நியாயம் போல இருக்கும். ஆனால் கையெறி குண்டைக் கொடுத்து, அமெரிக்கரிடம் பிடிபடாமல் சாகுங்கள் என்று சொன்னபின் நடந்ததற்குத் தற்கொலை என்ற பெயர் சரியா என்பதுதான் அவர் பக்கத்துக் கேள்வி. நீதிமன்றம் அமைச்சு சொன்னது சட்டவிரோதம் இல்லை என்றது.

அவர் 2002 நவம்பரில் இறந்தார். 2007இல் அமைச்சு இன்னும் ஒரு படி போய், அந்தச் சாவுகளில் ராணுவத்தின் வற்புறுத்தல் இருந்ததாக வரும் வரிகளை மாற்ற வைத்தது. ஒகினாவாவின் கினோவானில் செப்டம்பர் 29 அன்று கூட்டம் திரண்டது. ஏற்பாட்டாளர்கள் 1,10,000 என்றார்கள், அவ்வளவு இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியும் தீவே திரண்ட மாதிரி கூட்டம். ஆண்டு முடிவதற்குள் ராணுவத்தின் பங்கைச் சொல்லும் வரிகள் ஓரளவு திரும்பி வந்தன. இந்த முறை வழக்குப் போடப் பேராசிரியர் இல்லை, தெருவில் இறங்கியது பாட்டிமார்கள்.

#16 சந்தேகசாமி

நான் இன்னும் முழுதாக உங்கள் பக்கம் வரவில்லை. பாடநூலை யாராவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும், அது அமைச்சா, வேறு குழுவா என்பதுதான் பேச்சு. ஆனால் அந்த ‘தேறாத’ புத்தகத்தைப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் கிடைக்குமா?

#17 சைத்தாமா செல்வி

அது ஆங்கிலத்தில் என் கண்ணில் பட்டதில்லை. ஜப்பானிய மூலம் என்னிடம் இருக்கிறது, ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெருவில் வெளியே வைத்திருந்த பெட்டியில் 500 யென்னுக்குக் கிடைத்தது. தாள் பழுப்பேறிவிட்டது. போர் பற்றிய பகுதிகளை மட்டும் என்றால் நான் தமிழில் சுருக்கிப் போடுகிறேன், ஆனால் பையனுக்குப் பரீட்சை முடியட்டும்.

#18 பழுப்புத்தாள்

என் பெயரை இப்படி இழுக்க வேண்டுமா செல்வி! சுருக்கம் வரட்டும், காத்திருக்கிறோம். ‘வரலாற்றைத் தாங்கும் மக்கள்’ படங்களையும் முடிந்தால் போனில் எடுத்துப் போடுங்கள், வாத்தியார் ஐயாவுக்காக.

#19 ஈப்போக்காரன்

நானும் அந்த வாழைமர நோட்டை எடுத்துப் போடுகிறேன். பாட்டி போய்விட்டார், டப்பா இப்போது அத்தை வீட்டில். ஞாயிற்றுக்கிழமை போனால் கேட்டுப் பார்க்கிறேன்.